வலது தூணில் ஏறிய உப்பு

கான்கிரீட்டைக் கல் என்று நினைத்துக்கொண்டு களத்துக்குப் போகாதீர்கள். அது தண்ணீர் குடிக்கும். சிமெண்டோடு சேராமல் மிஞ்சிய தண்ணீர் இருந்த இடமெல்லாம், இறுகிய பிறகு மயிரிழையைவிட மெல்லிய துளைகளாக நின்றுவிடுகிறது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்தத் துளைகளில் ஈரம் இருக்கும்வரை, வெளியே உள்ள உப்பு கரைந்து அயனிகளாகப் பிரிந்து உள்ளே பயணம் போகும். அதில் குளோரைடு நமக்கு எதிரி. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு. துரு பருத்தால் வெடிப்பு.

எது இந்த அயனிகளை நகர்த்துகிறது என்று புதிதாக வருகிறவர்களிடம் கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு அவை தாமாகவே பரவும். சரியான பதில்தான். ஆனால் அது கால்நடையாகப் போவது. துளைக்குள் இருக்கும் தண்ணீரே ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தால், அயனி அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; அது பஸ் பயணம். மின்சாரம் கொடுத்தால் தன் மின்னூட்டத்துக்கு எதிரான முனையைப் பார்த்து ஓடும். ஆய்வகத்தில் அவசரத்துக்கு நாம் செய்வது அதைத்தான். வெயில் ஏறினால் எல்லாமே வேகம் பிடிக்கும். துளை குறுகினாலும் வளைந்தாலும் வேகம் குறையும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இந்த இடத்தில் எது ஓங்கி நிற்கிறது என்று சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் களப்பணிப் பிரிவில் 1995 முதல் 2007 வரை இருந்தேன். "உங்க சிமெண்ட் சரியில்ல" என்று யார் வந்து நின்றாலும், போய்ப் பார்க்கிற ஆள் நான். அரியலூர் 2001 ஜனவரியில் தனி மாவட்டம் ஆனது, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. என் பழைய அறிக்கைகளில் மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வருவது அதனால்தான். நான் இப்போது சொல்லப்போவது, அரியலூர் முதல் முறை மாவட்டமாக இருந்த அந்தக் குறுகிய காலத்தில் நடந்தது. 2001 பங்குனி. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருந்தன.

கீழப்பழுவூருக்குத் தெற்கே ஒரு கிராமம். அந்த ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டியின் பொருளாளர் கலியமூர்த்தி ஆபீஸுக்கு வந்தார். உள்ளங்கை அகலக் கான்கிரீட் துண்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் கம்பியின் தடம், தடம் முழுக்க செங்காவித் துரு.

"அம்மன் கோயில் முன்மண்டபத் தூணுங்க. கட்டி அஞ்சு வருசம்தான் ஆவுது. சிமெண்ட் உங்களுது."

"மத்த தூணுங்க எப்படி இருக்கு?"

"நாலு தூணுல இது ஒண்ணுதான். வலது பக்க முன் தூண். எங்களுக்கு உங்க மேல சந்தேகம் கம்மிதான் சார். மேஸ்திரி மேலதான். உப்புத்தண்ணில கலந்து வுட்டுட்டான்னு ஊரே பேசுது. அதான் சூடம் அணைக்கச் சொல்லியிருக்கோம்."

சூடம் அணைப்பது என்றால் என்ன என்று, இந்தப் பயிற்சிக்கு வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, 'நான் இதைச் செய்யவில்லை' என்று சத்தியம் செய்வது. அணைத்துவிட்டால் அதற்கு மேல் அந்த ஊரில் பேச்சு இல்லை. மறுத்தால், செய்ததாகவே அர்த்தம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள்.

"மேஸ்திரி என்ன சொல்றாரு?"

"அணைக்க மாட்டேங்கிறான். இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

நான் கிளம்பும்போது எங்கள் மேலாளர் கூப்பிட்டார். "சிமெண்ட்ல குறை இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. மேஸ்திரிக்கும் ஊருக்கும் நடக்குற சண்டை நமக்கெதுக்கு?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் வேலை அது.

மேஸ்திரியின் பெயர் செல்வராசு. பக்கத்து ஊர்க்காரர். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. அந்த மாதம் ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வீட்டு வேலைகளும் கைமாறிப் போயிருந்தன. சாமி சொத்தில் கைவைத்தவன் என்று பெயர் விழுந்தவனை யார் வீட்டுக்கு அஸ்திவாரம் போடக் கூப்பிடுவார்கள்? நான் மண்டபத்துக்குப் போனபோது ஆலமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை. நான்தான் போனேன்.

"உப்புத்தண்ணியா ஊத்துனீங்க?"

"நான் ஊத்தலை சார். டிராக்டர்ல நல்ல தண்ணி கொண்டாந்தோம்."

"அப்ப சூடத்தை அணைச்சுட்டுப் போக வேண்டியதுதானே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தூண் போட்ட அன்னிக்கு மதியானம் நான் சோத்துக்குப் போயிட்டேன். டிராக்டர் லேட்டு. நான் இல்லாத நேரத்துல என் ஆளுங்க அந்தக் கோயில் போர் பம்புல நாலு குடம் புடிச்சு ஊத்தலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தண்ணிய வாயில வைக்க முடியாது சார், அவ்வளவு உப்பு. தெரியாத ஒண்ணுக்கு அம்மன் முன்னால நான் எப்படி கைய வைக்கிறது?"

இதைக் கேட்டதும், இந்த ஆள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதை அறிக்கையில் எழுத முடியாது.

தூணைப் பாருங்கள் என்றால் முதலில் தூணைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் அன்று பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது வெள்ளிக்கிழமை. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வாசலில் சின்னப்பொண்ணு என்ற அம்மாள் கூடை வைத்து உப்பும் மிளகும் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கி, தலையைச் சுற்றி, வலது தூணின் அடியில் கொட்டிவிட்டுப் போனார்கள். தோலில் மரு, சிரங்கு வந்தால் இந்த அம்மனுக்கு உப்பு மிளகு போடுவதாக நேர்ந்துகொள்வது வழக்கம். உப்பு கரைகிற மாதிரி நோவும் கரைய வேண்டும்.

"எப்பவும் இங்கதான் கொட்டுவாங்களா?" என்று சின்னப்பொண்ணுவைக் கேட்டேன்.

"முன்னெல்லாம் பலிபீடத்துக்கிட்ட வெட்டவெளில கொட்டுவோம். மண்டபம் கட்டுனாங்க, தூணு பீடத்தை ஒட்டி வந்துருச்சு. நாங்க எங்க போறது? இருந்த எடத்துலதான் கொட்டுறோம். ஏன், உங்களுக்கும் மரு இருக்கா? ஒரு பொட்டலம் தரவா?"

சாயங்காலம் பூசாரி நான்கு குடம் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் இப்படித்தான். இடையில் உள்ள நாட்களில் வெயில்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அதைக் கலியமூர்த்தியே எடுத்துப் போட்டார். "உப்பு தரையில இருக்கு. வெடிப்பு தொடை உசரத்துல இருக்கு. உப்பு என்ன ஏணி வச்சா ஏறுச்சு?"

முதன்முதலில் துருக்கறை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் வந்ததாம். கட்டி மூன்றாம் வருடம். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, கலியமூர்த்தி தன் அப்பா பெயரில் முழங்கால் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார். நடுவில் ஒரு டைல்ஸில் 'உபயம்' என்று போட்டு அப்பாவின் பெயர். இரண்டு வருடம் சுத்தமாக இருந்தது. பிறகு டைல்ஸுக்கு மேலே, தொடை உயரத்தில் கான்கிரீட் பிளந்தது. "மூடுனா மேல ஏறுது பாருங்க. அம்மன் காட்டிக் குடுக்குறா" என்று ஊர் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. இருந்தாலும் விளங்கியது போதாது. செவ்வாய்க்கிழமைக்குள் ஊருக்கும் விளங்க வேண்டும்.

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களை அனுப்பியிருந்தால் எங்கே துளை போட்டுத் தூள் எடுத்திருப்பீர்கள்? வெடித்த இடத்தில். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அங்கே உப்பு நிறைய இருக்கும், 'குளோரைடு அதிகம்' என்று எழுதுவீர்கள், மேஸ்திரி உப்புத்தண்ணீர் ஊற்றினார் என்று ஊர் அதைப் படித்துக்கொள்ளும். ஒரு இடத்து எண் எந்தக் கதைக்கும் சாட்சி சொல்லும். அடுத்த தூணோடு ஒப்பிட்டாலும் போதாது. அதை வேறு நாளில், வேறு தண்ணீரில் போட்டிருக்கலாம் அல்லவா?

என் முதல் மேலதிகாரி ஒருவர் உண்டு. பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எந்த எண்ணைக் கொண்டுபோனாலும், "இது எந்தத் திசையிலேர்ந்து வந்துச்சு?" என்று கேட்பார். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். அந்தக் கேள்விதான் அன்று கைகொடுத்தது. உப்பு, கலவைத் தண்ணீரோடு வந்திருந்தால் தூண் முழுக்க, மேலும் கீழும் உள்ளும் புறமும், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்திருந்தால் சரிவு இருக்கும். மேற்பரப்பில் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு. ஆகவே அதே தூணில், ஒரே நாளில் போட்ட அதே கான்கிரீட்டில், கணுக்கால் உயரத்தில், டைல்ஸுக்குச் சற்று மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் என்று மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் ஆழம் ஆழமாகத் தூள் எடுத்தேன். கணுக்கால் உயரத்தில் எடுக்க ஒரு டைல்ஸைப் பெயர்க்க வேண்டியிருந்தது. கலியமூர்த்தியின் முகம் கறுத்தது. "அப்பா பேரு போட்டதை மட்டும் தொடாதீங்க" என்றார். தொடவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஆய்வகத்து முடிவு வந்தது. தூணின் உச்சியில் சொல்லும்படி உப்பு இல்லை, எந்த ஆழத்திலும். கீழே மேற்பரப்பில் நிறைய, உள்ளே குறைவு. வியப்பு என்னவென்றால், உப்பைக் கொட்டுகிற கணுக்கால் உயரத்தைவிட, டைல்ஸுக்கு மேலேதான் உப்பு அதிகம்.

கூடவே தேடாத ஒன்றும் அகப்பட்டது. வலது தூணில் கம்பி, மேற்பரப்புக்கு மிக அருகில் ஒட்டிக் கிடந்தது. கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கனத்தில் பாதிகூட இல்லை. வேறு தூணாக இருந்தால் இது பல வருடம் தெரியாமலே போயிருக்கும். உப்பு வந்து சேர்ந்த தூணில் அது பாதையைச் சுருக்கிவிட்டது. இது செல்வராசுவின் வேலையில் இருந்த குறை. எழுதினால் மற்றது எல்லாம் அடிபட்டு இது மட்டும் ஊரில் நிற்கும் என்று தெரியும். எழுதாவிட்டால் நான் எழுதிய மற்றதை யார் நம்புவது? அன்று மாலையே செல்வராசுவை அவர் ஊரில் தேடிப் போய் நேரில் சொன்னேன்.

"கம்பிக்கு வெளிய என்ன வச்சு முட்டு குடுத்தீங்க?"

"ஜல்லிதான் சார். எல்லாரும் அதானே வைக்கிறோம். கலவைய அமுக்க வைப்ரேட்டர் போடும்போது நழுவியிருக்கும்." தலைத்துண்டை எடுத்து மடித்தார். "எழுதிக்கங்க சார். அது நான் பண்ணதுதான்."

செவ்வாய்க்கிழமை காலை மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. தாளைப் படித்தால் யாருக்கும் புரியாது. தூள் எடுத்த அன்றே தூணிலிருந்து உடைத்து வைத்திருந்த துண்டுகளில் இரண்டை எடுத்தேன். ஒன்று டைல்ஸுக்கு மேலிருந்து, மற்றது தூணின் உச்சியிலிருந்து. அங்கேயே மறுபடி உடைத்து, அந்தப் புது முகத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைத் தெளித்தேன். உப்பு இருந்தால் வெளுக்கும், இல்லாவிட்டால் பழுப்பாகும். கீழ்த் துண்டின் வெளி விளிம்பு பால் தெளித்த மாதிரி வெளுத்தது. மேல் துண்டு முழுக்கப் பழுப்பு.

"மருந்தை அடிச்சு வெள்ளையாக்கிட்டீங்க" என்றார் கலியமூர்த்தி.

"ரெண்டுக்கும் ஒரே மருந்துதாங்க. நீங்களே தெளிச்சுப் பாருங்க."

அவர் பாட்டிலை வாங்கி இன்னொரு மேல் துண்டில் தெளித்தார். பழுப்பு. அவர் விரலும் கறுத்தது, என் விரல்கள் முன்பே கறுத்திருந்தன. கூட்டத்தில் யாரோ, "எலக்‌ஷன் வரதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஓட்டு போட்டுட்டாங்கப்பா" என்றார்கள். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"சரி, வெளிய இருந்து வந்துச்சுன்னே வச்சிக்குவோம். ஏணிக்குப் பதில் சொல்லுங்க" என்றார் கலியமூர்த்தி.

நான் கர்ப்பகிரக வாசலில் எரிந்த அகல் விளக்கைக் காட்டினேன். "எண்ணெய் எங்க இருக்கு?"

"அடியில."

"எரியறது எங்க?"

அவர் விளக்கருகே குனிந்தார். பின்னாலிருந்து சின்னப்பொண்ணு சொன்னார்: "திரி நுனியிலப்பா. திரி உறிஞ்சிக் குடுக்குது."

"இந்தத் தூணும் திரிதான். நீங்க ஊத்துற தண்ணிய அடியில உறிஞ்சுது. தண்ணி கூட உப்பும் ஏறுது. எந்த உசரத்துல காத்துப் பட்டு தண்ணி ஆவியாப் போவுதோ, அங்க உப்பு மட்டும் தங்கிடுது. முதல்ல அது ஒரு சாண் உசரம். டைல்ஸ் ஒட்டுன பொறவு தண்ணி வெளிய போக வழி இல்ல. டைல்ஸ் முடியற எடம் வரைக்கும் ஏறிப் போச்சு. பழைய வூட்டுச் சொவத்துல உப்புப் பூத்துப் பொரியுமே, பார்த்ததில்லையா? அதே கதைதான்."

அடியில் உப்பு கிடந்தும் கம்பி ஏன் அவ்வளவு கெடவில்லை என்று ஒரு வாத்தியார் கேட்டார். நல்ல கேள்வி. நனைந்தே கிடக்கும் இடத்தில் காற்று நுழைவது கஷ்டம். துருவுக்கு உப்போடு காற்றும் வேண்டும். நனைந்து நனைந்து காயும் இடத்தில்தான் இரண்டும் தாராளம்.

பிறகு கம்பி ஒட்டிக்கிடந்ததையும் சொன்னேன். மறைக்காமல், கூட்டாமல். கூட்டத்தில் சலசலப்பு. "அப்ப தப்பு இருக்குல்ல!" என்று ஒரு குரல்.

செல்வராசு எழுந்தார். பூசாரியிடம் போய், "சூடம் ஏத்துங்க" என்றார்.

"அதான் சார் சொல்லிட்டாரே. வேணாம்ப்பா, உக்காரு" என்று கலியமூர்த்தியே தடுத்தார்.

"இல்லைங்க. ஏத்தச் சொல்லுங்க."

தட்டில் கற்பூரம் எரிந்தது. செல்வராசு ஊரைப் பார்த்து நின்றார். "கம்பிக்கு முட்டு குடுத்ததுல நான் அசட்டையா இருந்துட்டேன். அதுக்கு நான் அணைக்கலை. அந்தத் தூணை என் கைக்காசுல ஒடைச்சுக் கட்டித் தரேன். உப்புத்தண்ணி ஊத்துனேன்னு சொன்னீங்க. அன்னிக்கு எனக்குத் தெரியாது. ஊத்தலைன்னு இன்னிக்குத் தெரியும். அதுக்கு அணைக்கிறேன்." உள்ளங்கையை வைத்து ஓர் அடி. சூடம் அணைந்தது. குலவைச் சத்தம் எழுந்தது.

திருவிழா முடியும்வரை மண்டபத்துக்கு இரும்பு முட்டுகள் கொடுத்து நிறுத்தினோம். முட்டு இல்லாமல் தேர் நாளில் அதன் கீழே கூட்டம் நிற்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தேன். பிறகு செல்வராசு சொன்னபடியே வலது தூணைத் தரைவரை இடித்துப் புதிதாகக் கட்டினார். உப்புக் கொட்ட, மண்டபத்துக்கு வெளியே ஒரு கருங்கல் தொட்டி வைத்தார்கள். முதல் வாரம் ஒருவரும் அங்கே போகவில்லை. பழைய இடத்திலேயே கொட்டினார்கள். சின்னப்பொண்ணு தன் கூடையைத் தொட்டிக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தார்; அன்றிலிருந்து உப்பும் மாறியது. பெயர்த்தெடுத்த டைல்ஸில் அப்பா பெயர் போட்டதைக் கலியமூர்த்தி தானே உடையாமல் எடுத்து, தொட்டியின் முகப்பில் பதித்துக்கொண்டார்.

அறிக்கையின் கடைசி வரியை, சூடம் அணைந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே ஆபீஸில் எழுத உட்கார்ந்தேன். 'சிமெண்டில் குறை இல்லை' என்று முன்பே மனதில் வைத்திருந்தேன். பேனாவை எடுத்ததும் கை நின்றது. உப்பு வெளியிலிருந்து வந்தது எனக்குத் தெரியும். எப்படி ஏறியது என்று தெரியும். கம்பி எங்கே கிடந்தது என்று தெரியும். ஐந்து வருடம் முன்பு அந்த மூட்டைகளில் வந்த சிமெண்ட்? அதை நான் சோதிக்கவே இல்லை. 'சிமெண்ட் இந்த ஆய்வில் சோதிக்கப்படவில்லை. இந்தச் சேதத்தை விளக்க அதற்குத் தேவையும் எழவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரே ஒரு வரிக்குத்தானே உங்களை அனுப்புனேன்? அதை மட்டும் எழுதாம வந்திருக்கீங்களே!"

"அதுக்கு சூடம் அணைக்க முடியாது சார்" என்றேன்.

அவர் என் கறுத்த விரல்களைப் பார்த்தார். பிறகு, தன் பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தையும் போட்டார்.